யாருக்கு அனுமதி, எதற்கு அனுமதி: பொதுக் கணினியில் கட்டுப்பாடுகளின் வரலாறு

ஒரு கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு கேள்விகள் எழும். யாரை உள்ளே விடுவது என்பது ஒன்று. உள்ளே வந்தவர் ஓட்டும் நிரல் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1960களிலேயே ஓரளவு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியோடு கணினித் துறை இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆளும் அவர் ஓட்டும் நிரலும் ஒன்றல்ல என்பது இன்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய உண்மை. துறைக்கு அது விளங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1950களில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் கணினி ஒரு தனி அறைக்குள் இருந்தது. நிரல் எழுதியவர் துளையட்டைக் கட்டை இயக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போவார். இயக்குநர் ஒவ்வொரு வேலையாக ஏற்றி ஓட்டுவார். அச்சிட்ட விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கைக்கு வரும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும், இயந்திரம் முழுவதும் அந்த வேலைக்கே சொந்தம். பாதுகாப்பு வேண்டுமென்றால் அறைக் கதவைப் பூட்டினால் போதும். ஆனால் ஒரு காற்புள்ளி தவறியதற்காக ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் நேரப்பகிர்வு என்ற எண்ணம் பிறந்தது: பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்திருக்க, கணினி நொடியின் சிறு பகுதிகளை ஒவ்வொருவருக்கும் மாறிமாறி ஒதுக்கும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 இயந்திரத்தில் இதைச் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்று அழைக்கப்பட்ட அந்த அமைப்பு பின்னர் ஐ.பி.எம். 7094 இயந்திரத்துக்கு மாறியது. அந்த இயந்திரத்தில் செய்யப்பட்ட மாற்றங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு நினைவகத் தொகுதிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 32,768 சொற்கள் கொண்டது. ஒன்றில் மேற்பார்வை நிரல் குடியிருக்கும், மற்றதில் பயனர்களின் நிரல்கள் ஓடும். பயனர் நிரல் தன் எல்லைக்கு வெளியே உள்ள முகவரியைத் தொட்டாலோ, நாடாவையோ வட்டையோ நேரடியாக இயக்க முயன்றாலோ, வன்பொருளே அதை நிறுத்திக் கட்டுப்பாட்டை மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்கும். முடிவில்லாமல் சுற்றும் நிரல் இயந்திரத்தைத் தன்வசம் பிடித்து வைத்துக்கொள்ளாதபடி ஒரு கடிகாரமும் சேர்க்கப்பட்டது. பிற்காலக் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை. வன்பொருளின் துணையில்லாமல் மென்பொருளால் மட்டும் எழுப்பப்பட்ட தடை எதுவும் நெடுநாள் தாங்கியதில்லை.

சி.டி.எஸ்.எஸ். பயனர்களின் கோப்புகள் வட்டிலேயே நிரந்தரமாக இருந்தன. ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்காமலிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. கணினியில் கடவுச்சொல் வழக்கத்துக்கு வந்தது இங்கிருந்துதான் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், வட்டில் இவ்வளவு இடம் என்று ஒவ்வொருவருக்கும் பங்கும் வரையறுக்கப்பட்டது.

அந்தப் பங்கே முதல் மீறலுக்குக் காரணமாயிற்று. ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர்ருக்கு வாரம் 4 மணி நேரம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பு எதையாவது தாளில் அச்சிட்டுப் பெற வேண்டுமென்றால், கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் போதும் என்ற வசதி அங்கே இருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் கடவுச்சொல் கோப்பின் பெயரைத் துளையிட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை எல்லோருடைய கடவுச்சொல்லும் தாளில் அச்சாகி அவர் கைக்கு வந்துவிட்டது.

அதே அமைப்பில் சில ஆண்டுகள் கழித்து நடந்த மற்றொரு நிகழ்ச்சியில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் இன்னொருவர், பயனர்கள் உள்ளே வரும்போது முனையத்தில் அச்சாகும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரல் எப்போதும் ஒரே பெயரில்தான் தற்காலிகக் கோப்பை உருவாக்கும். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டிருந்தது. நிர்வாகிகளின் வசதிக்காக அந்த விதி பிற்பாடு தளர்த்தப்பட்டது. இரண்டு கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாயின. கோர்பாட்டோ தம்முடைய டூரிங் விருது உரையில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் கடவுச்சொல் சோதனை சரியாகவே வேலை செய்தது. தோற்றது வேறொன்று. அச்சிடும் சேவை, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்காமல் தனக்கிருந்த உரிமையால் கோப்பைத் திறந்தது. திருத்தும் நிரல் தன்னை நடத்துபவரின் முழு அதிகாரத்தோடும் ஓடியதால், அதன் ஒரு சிறு பிழை அமைப்பு முழுவதையும் திறந்துவிட்டது. ஆளைச் சரிபார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு அப்போதே சான்று கிடைத்துவிட்டது. பாடமாக ஏற்கப்படத்தான் நாளாயிற்று.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டைட்டன் கணினியை வடிவமைத்தவர்கள் இரு முக்கியமான அடிகளை எடுத்து வைத்தார்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாத ஒருவழிக் கணக்கில் உருமாற்றிச் சேமிக்கும் முறையை ரோஜர் நீடம் உருவாக்கினார். கோப்பு வெளியே போனாலும் அதில் கடவுச்சொல் இருக்காது. மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூல் வழியாக இது உலகுக்குத் தெரிந்தது. டைட்டனின் மற்றொரு சிறப்பு அதிகம் பேசப்படுவதில்லை. அங்கே ஒரு கோப்பைத் திறக்கும் உரிமை, கேட்பவர் யார் என்பதோடு எந்த நிரல் வழியாகக் கேட்கிறார் என்பதையும் பொறுத்து அமைந்தது. காலத்துக்கு முந்திய சிந்தனை அது. பிற அமைப்புகள் அதைப் பின்பற்றியிருந்தால் இந்த வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும்.

எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய மூன்றும் 1960களின் நடுவில் கைகோத்துத் தொடங்கிய மல்டிக்ஸ், பாதுகாப்பைத் தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பின் மையமாகக் கொண்ட முதல் பெரிய இயங்குதளம். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. இன்னார் படிக்கலாம், இன்ன திட்டத்தைச் சேர்ந்தவர்கள் எழுதலாம், இன்னார் இயக்க மட்டும் செய்யலாம் என்று பெயர் பெயராகக் குறிப்பிடலாம். நிரல்களுக்கோ வளையங்கள் வகுக்கப்பட்டன. நடு வளையத்தில் மேற்பார்வை நிரல்; வெளியே போகப்போக அதிகாரம் குறையும். வெளி வளையத்து நிரல் உள் வளையத்தை அணுக வேண்டுமானால், அதற்கென்று குறிக்கப்பட்ட வாயில் வழியாகத்தான் நுழைய முடியும். பின்னர் வந்த ஹனிவெல் 6180 இயந்திரத்தில் 8 வளையங்கள் வன்பொருளிலேயே அமைந்தன.

இவ்வளவு அக்கறையோடு கட்டியதையும் உடைக்க முடிந்தது. அமெரிக்க விமானப் படைக்காக பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் மல்டிக்ஸைச் சோதித்து 1974இல் அறிக்கை அளித்தார்கள். நிரல்களை மொழிபெயர்க்கும் தொகுப்பியில் ஒரு கள்ளவழியைப் புதைத்துவிட்டால், அது உருவாக்கும் நிரல்களிலும் கள்ளவழி தானே முளைக்கும் என்று அதில் எச்சரித்தார்கள். இதே கருத்தை 1984இல் வெளியான டூரிங் விருது உரையில் கென் தாம்சன் விரித்துரைத்தபோதுதான் துறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கார்கர், ஷெல் அறிக்கைக்குச் சற்று முன்னர், 1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் விமானப் படைக்கு எழுதிய அறிக்கையில், வெளித்தோற்றத்துக்குப் பயனுள்ளதாக இருந்து உள்ளே வேறு வேலை செய்யும் நிரலுக்கு ட்ரோஜன் குதிரை என்ற பெயர் வந்தது. ட்ரோஜன் நிரலை அனுமதி பெற்றவரே தம் கையால் ஓட்டுகிறார். அதனால் ஆளைச் சரிபார்க்கும் எந்த முறையும் அதன் முன் பயனற்றது.

கோட்பாட்டு அளவில் 1970களின் முற்பாதி மிக வளமான காலம். பட்லர் லாம்ப்சன் 1971இல், யார் எதை என்ன செய்யலாம் என்பதை ஓர் அட்டவணையாக வகுத்துக் காட்டினார். 1973இல் அவர் எழுதிய சிறிய கட்டுரை இன்னும் ஆழமானது. ஒரு நிரலிடம் இரகசியத் தரவைக் கொடுத்து வேலை வாங்க வேண்டும், ஆனால் அந்த நிரல் அதை வெளியே கசியவிடக்கூடாது. இது முடியுமா என்று அவர் கேட்டார். கோப்பு, அஞ்சல் போன்ற வழிகளையெல்லாம் அடைத்தாலும், நிரல் கணினியை வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி அந்த ஏற்ற இறக்கத்தாலேயே வெளியே இருப்பவருக்குச் சேதி சொல்லிவிட முடியும் என்று காட்டினார். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய நீண்ட கட்டுரை, பாதுகாப்பு வடிவமைப்பின் கொள்கைகளைத் தொகுத்தது. அவற்றுள் இரண்டை எந்த நிர்வாகியும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையை மட்டும் கொடு என்பது ஒன்று. அனுமதித்ததைத் தவிர மற்ற அனைத்தும் தடை என்று தொடங்கு என்பது மற்றது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான விபத்துகளை இந்த இரண்டில் ஒன்றின் மீறலாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் உலகில் பரவியது மல்டிக்ஸ் அல்ல. அந்தத் திட்டத்திலிருந்து 1969இல் விலகிய பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ், எளிமையால் வென்றது. தொடக்க ஆண்டுகளில் அது ஓடிய பி.டி.பி.-11/20 இயந்திரத்தில் நினைவகப் பாதுகாப்பே கிடையாது. காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் அதே இயந்திரத்தில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். புதிய நிரல் ஒன்றைச் சோதிப்பவர் பயந்து பயந்துதான் ஓட்ட வேண்டும். ஒரு பிழை எல்லோருடைய வேலையையும் கவிழ்த்துவிடும் என்று ரிட்சி பின்னர் எழுதினார்.

யூனிக்ஸின் அனுமதி முறை சில இருமக் குறிகளில் அடங்கியது. கோப்புக்கு உடையவர், அவருடைய குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமை. ஆக மொத்தம் 9 குறிகள். மல்டிக்ஸின் பட்டியலோடு ஒப்பிட்டால் இது கரடுமுரடானதுதான். ஆனால் ஒரு பார்வையில் புரிந்துகொள்ள முடிந்ததால்தான் மக்கள் இதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். நுட்பமான ஆனால் யாருக்கும் விளங்காத கட்டுப்பாட்டைவிட, எளிய விளங்கும் கட்டுப்பாடு மேல் என்பதற்கு யூனிக்ஸ் நல்ல சான்று.

இந்தக் குறிகளோடு ரிட்சி இன்னொன்றையும் சேர்த்தார். சாதாரணமாக ஒரு நிரல், அதை ஓட்டுபவரின் உரிமையோடு ஓடும். இந்தக் குறி இடப்பட்ட நிரலோ தன் உடையவரின் உரிமையோடு ஓடும். கடவுச்சொல்லை மாற்றும் நிரல் இதற்கு எடுத்துக்காட்டு. கடவுச்சொல் கோப்பை எந்தப் பயனரும் நேரடியாகத் திருத்தக்கூடாது, ஆனால் தம் கடவுச்சொல்லை மாற்ற ஒவ்வொருவராலும் முடிய வேண்டும். நிரலுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்து, பயனருக்குக் கொடுக்காமல் விடுவதால் இரண்டும் கைகூடுகின்றன. 1973இல் விண்ணப்பிக்கப்பட்ட இந்தக் கண்டுபிடிப்புக்கு 1979 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுமக்களுக்கே விடப்பட்டது. அழகான தீர்வுதான். ஆனாலும் அந்தக் குறி பெரும்பாலும், அனைத்து அதிகாரமும் கொண்ட ரூட் என்னும் கணக்குக்குச் சொந்தமான நிரல்களுக்கே இடப்பட்டது. அப்படி ஒரு நிரலில் பிழை இருந்தால், சாதாரணப் பயனர் ஒரே தாவலில் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடுவார். யூனிக்ஸ் அமைப்புகளில் பல மீறல்கள் இந்த வழியாகவே நடந்தன.

யாரை உள்ளே விடுவது என்ற முதல் கேள்வியும் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ராபர்ட் மோரிஸும் தாம்சனும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 3,289 கடவுச்சொற்களைப் பரிசோதித்தார்கள். 2,831 கடவுச்சொற்கள், அதாவது 86 விழுக்காடு, மிகக் குட்டையானவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ எளிதில் ஊகிக்கக்கூடியவையாகவோ இருந்தன. இதற்கு அவர்கள் கண்ட தீர்வுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: உருமாற்றும் கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது, ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஓர் எண்ணைக் கலந்து, அன்றைய அளவில் 4,096 வடிவங்களில் ஒன்றாக மாற்றுவது. 1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் பரவிய புழு, 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்தே பல கணக்குகளைத் திறந்தது. அதை எழுதியவர் அந்த மோரிஸின் மகன். எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பில் உருமாற்றிய கடவுச்சொற்களை வைக்கும் பழக்கம் அதற்குப் பின் படிப்படியாக மறைந்தது.

உள்ளே வந்த பயனர் சில கட்டளைகளை மட்டும் இயக்க வேண்டும் என்று நிர்வாகிகள் விரும்பியபோது, கட்டுப்படுத்தப்பட்ட கட்டளைக்கூடு ஒன்று யூனிக்ஸில் சேர்க்கப்பட்டது. அதில் நுழைந்தவர் கோப்பகம் மாற முடியாது; நிரல்களைத் தேடும் பாதையை மாற்ற முடியாது; சாய்கோடு உள்ள பெயரால் எந்த நிரலையும் அழைக்க முடியாது; வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப முடியாது. கேட்பதற்கு இறுக்கமாகத் தோன்றும் இந்தச் சிறை, அனுமதித்த நிரல்களில் ஒன்று உரை திருத்தியாக இருந்தால் அந்த நொடியே திறந்துகொண்டது. திருத்திக்குள் இருந்தபடியே வெளிக் கட்டளையை இயக்கும் வசதி அன்றைய திருத்திகளில் இருந்தது. அதன் மூலம் கட்டுப்பாடில்லாத வேறு கட்டளைக்கூட்டைத் திறந்துவிடலாம். நிரல்களின் பட்டியலைக் கட்டுப்படுத்தினால் போதாது, ஒவ்வொரு நிரலுக்குள்ளும் என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இன்றும் பள்ளி ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் இதே ஓட்டை வேறு உருவத்தில் வருகிறது: உலாவியின் கோப்பு திறக்கும் பெட்டி, அச்சிடும் பெட்டி, உதவிப் பக்கம்.

மறுபுறம், முழு அதிகாரத்தைக் கொடுக்காமல் ஒரு சில நிர்வாக வேலைகளை மட்டும் ஒப்படைக்கவும் வழி தேவைப்பட்டது. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் சூடோ என்ற சிறு நிரலை எழுதினார்கள். யார் எந்தக் கட்டளையை ரூட் உரிமையோடு இயக்கலாம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அது அதன்படி நடந்து, நடந்ததைப் பதிவும் செய்யும். உலகின் லினக்ஸ் சேவையகங்களில் பெரும்பாலானவை இன்று இதைக்கொண்டே நிர்வகிக்கப்படுகின்றன.

ஆளும் நிரலும் வெவ்வேறு என்ற உண்மையை மிகத் தெளிவாகச் சொன்னவர் நார்ம் ஹார்டி. 1988இல் அவர் எழுதிய குறிப்பில் டைம்ஷேர் நிறுவனத்தில் நடந்த ஒன்றை விவரித்தார். அங்கிருந்த ஒரு தொகுப்பி, பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைத் தன் கோப்பகத்தில் எழுதும் உரிமை பெற்றிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. ஒரு பயனர், தமக்குப் பிழைத்திருத்தத் தகவலை எழுதித் தருமாறு தொகுப்பியிடம் கேட்டு, கட்டணக் கோப்பின் பெயரையே வெளியீட்டுப் பெயராகக் கொடுத்தார். அந்தக் கோப்பைத் தொடப் பயனருக்கு உரிமையில்லை, தொகுப்பிக்கு இருந்தது. தொகுப்பி அதன் மேல் எழுதிக் கட்டணக் கணக்கை அழித்துவிட்டது. யாருடைய அதிகாரத்தால் இதைச் செய்கிறோம் என்று அந்த நிரலுக்கே தெரியாததுதான் கோளாறு. 1962இல் ஷெர்ருக்குக் கடவுச்சொற்களை அச்சிட்டுக் கொடுத்த சேவையிலும் இருந்தது இதே கோளாறு.

நிரலுக்குத் தெரியும் உலகத்தையே சுருக்கிவிடுவது இன்னொரு வழி. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ச்ரூட் என்ற அழைப்பு சேர்ந்தது. அதைப் பயன்படுத்தினால் ஒரு நிரலுக்கு ஒரு கோப்பகம்தான் மொத்த உலகமாகத் தெரியும். அதற்கு வெளியே எதுவும் இருப்பதாகவே அது அறியாது. 1991இல் பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், ஊடுருவிய ஒருவரை இத்தகைய அடைப்புக்குள் விட்டு மாதக்கணக்கில் கவனித்தார். ஆனால் ரூட் உரிமை கொண்ட நிரல் இந்த அடைப்பிலிருந்து தப்பிவிட முடியும். அந்தக் குறையைப் போக்க பவுல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய ஜெயில் என்ற வசதி 2000இல் ஃப்ரீ பி.எஸ்.டி. 4.0 பதிப்பில் வந்தது. அதற்குள் ரூட் கணக்குக்கும் முழு அதிகாரம் கிடையாது.

இதற்கிடையே தனியாள் கணினி வந்து, பாதி வரலாற்றை அழித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் பயனர் என்ற கருத்தே இல்லை. எந்த நிரலும் நினைவகத்தின் எந்த மூலையையும் தொடலாம். 1982இல் இன்டெல் 80286 சில்லு நான்கு வளையங்களோடு வந்தும், பி.சி.யில் ஓடிய டாஸ் இயங்குதளம் அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பொருளுக்குப் பூட்டு எதற்கு என்ற எண்ணம் அன்று நியாயமாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கணினிகள் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒன்றையே பலர் பயன்படுத்தினார்கள். விண்டோஸ் 95 கேட்ட கடவுச்சொல் பெட்டியை எஸ்கேப் விசையைத் தட்டி மூடிவிட்டே உள்ளே போகலாம். குறிப்பிட்ட நிரல்களை மட்டும் ஓட்ட விடும் கொள்கை ஒன்றும் அதில் இருந்தது. அது கோப்பின் பெயரை மட்டுமே பார்த்தது. விளையாட்டு நிரலுக்கு நோட்பேட் என்று பெயர் மாற்றினால் தடையின்றி ஓடியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 முதல் கிடைத்தது. அதற்கடுத்த பத்தாண்டில் தமிழகத்துத் தெருக்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. பலருக்கு முதல் கணினி அங்கே கிடைத்ததுதான். தேர்வு முடிவும், வேலைவாய்ப்பு விண்ணப்பமும், வெளிநாட்டில் இருப்பவரோடு பேச்சும் அங்கேதான். ஒரே இயந்திரத்தில் நாளெல்லாம் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முன்பு அமர்ந்தவர் விட்டுச்சென்ற அஞ்சல் கணக்கு திறந்தே கிடக்கும். விசையழுத்தங்களைப் பதிவு செய்யும் நிரலை யார் வேண்டுமானாலும் நிறுவிவிட்டுப் போகலாம். உரிமையாளர்கள் பலர் தேர்ந்தெடுத்த வழி, டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்: கணினியை அணைத்துத் திறந்தால், இடையில் நடந்த மாற்றங்கள் அனைத்தும் மறைந்து பழைய நிலை திரும்பிவிடும். இது தடுப்பதில்லை, துடைக்கிறது. எளிய நிர்வாகிக்கு அது பெரிய வரம். ஆனால் அடுத்த மறுதொடக்கம் வரை அமர்ந்தவர்களுக்கு அது பாதுகாப்பு தரவில்லை. 2011 ஏப்ரலில் மத்திய அரசு வகுத்த சைபர் கஃபே விதிகள், அடையாளச் சான்று பெறுவதையும் வருகைப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருப்பதையும் கட்டாயமாக்கின. தடுப்பறைகளின் உயரம் நாலரை அடியைத் தாண்டக்கூடாது என்றன. அவை அனைத்தும் ஆளைப் பற்றியவை. பயனரின் கடவுச்சொல்லைத் திருடும் நிரலைப் பற்றி அவை செய்யக்கூடியது சொற்பம்.

2000 மே 4ஆம் தேதி பரவிய 'ஐ லவ் யூ' புழு, இந்த இடைவெளியை உலகுக்கே காட்டியது. அஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கியவர் அந்தக் கணினியின் முறையான பயனர். அவர் சொடுக்கிய நிரல் அவருடைய முழு உரிமையோடும் ஓடி, படங்களை அழித்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. 1993இல் டேவ் கட்லர் தலைமையில் உருவாகி வந்த விண்டோஸ் என்.டி.யில் மல்டிக்ஸ் வழியிலான அனுமதிப் பட்டியல்கள் இருந்தன. இத்தகைய புழுவை நிறுத்த அவையும் போதா. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில்தான் நிரல்களை அவற்றின் பெயரால் அல்லாமல் உள்ளடக்கத்தின் கணித முத்திரையாலும் வெளியிட்டவரின் கையொப்பத்தாலும் அடையாளம் கண்டு அனுமதிக்கும் வசதி வந்தது. பெயர் மாற்றும் தந்திரம் அதனிடம் பலிக்கவில்லை. ஆனாலும் வீடுகளில் அனைவரும் நிர்வாகி உரிமையோடே கணினியை ஓட்டியதால் பயன் குறைந்தது. பொதுக் கணினிகளுக்கென மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கிய ஸ்டெடிஸ்டேட் 2010 இறுதியோடு நிறுத்தப்பட்டது. எக்ஸ்.பி.யின் அனுமதி வசதிக்கு அடுத்த வடிவமான ஆப்லாக்கர், விண்டோஸ் 7இன் விலை உயர்ந்த பதிப்புகளில் மட்டுமே கிடைத்தது. கட்டுப்பாடு அதிகம் தேவைப்பட்ட சிறு பள்ளிக்கும் சிறு கடைக்கும் அது எட்டவில்லை. அது நியாயமான முடிவு அல்ல.

லினக்ஸ் உலகில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்.ஈ. லினக்ஸ், ரூட் உரிமை கொண்ட நிரலுக்கும் எல்லை வகுத்தது. 2005இல் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி சேர்த்த செக்காம்ப், நிரலை மொத்தமே நான்கு அழைப்புகளுக்குள் அடைத்தது: படிக்கலாம், எழுதலாம், வெளியேறலாம், சமிக்ஞையைக் கையாண்டு திரும்பலாம், வேறெதைக் கேட்டாலும் நிரல் கொல்லப்படும். தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக உருவான யோசனை அது. சால்ட்சரும் ஷ்ரோடரும் சொன்ன மிகக் குறைந்த உரிமை இங்கே கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

2008இல் கைப்பேசியில் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. ஐஃபோனில் ஆப்பிளின் கையொப்பம் இல்லாத செயலி ஓடாது. ஆண்ட்ராய்டு வேறு வழியில் சென்றது. யூனிக்ஸில் மனிதர்களைப் பிரிக்க வைத்திருந்த பயனர் எண்ணை, அது ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுத்தது. 10,000 முதல் எண்கள் தொடங்கும். ஒரே ஆள் வைத்திருக்கும் கைப்பேசிக்குள் வங்கிச் செயலியும் விளையாட்டுச் செயலியும், ஒன்றையொன்று நம்பாத இரு அந்நியர்கள்போல் ஒரு கணினியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டைட்டன் தொட்டுவிட்ட எண்ணம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கோடிக்கணக்கான கைகளுக்கு வந்தது.

பெரிய கணினிகளும் மீண்டும் பொதுவாயின. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய பணியால், நிரல் கூட்டங்களுக்கு நினைவகத்தையும் செயலக நேரத்தையும் அளந்து கொடுக்கும் வசதி லினக்ஸில் சேர்ந்தது. 2013இல் வெளியான டாக்கர் அதை எல்லோருக்கும் எளிதாக்கியது. இன்று மேகக் கணிமை என்று விற்கப்படுவது பெரும்பாலும், ஒரு சில்லை முன்பின் அறியாத பலர் பங்கிடும் ஏற்பாடுதான்.

2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகள், லாம்ப்சன் 1973இல் கேட்ட கேள்வியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தின. வேகத்துக்காக மையச் செயலகம் முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் வேலை, இடைநினைவகத்தில் தடம் விட்டுச்செல்கிறது. ஒரு தரவை எடுக்க ஆகும் நேரத்தை அளந்தே, தனக்கு அனுமதி இல்லாத நினைவகத்தை ஒரு நிரல் ஊகித்துவிட முடிந்தது. மெல்ட்டவுனுக்கு மேற்பார்வை நிரலின் நினைவகத்தைத் தனியே பிரிப்பது தீர்வாயிற்று. அதற்கு வேகத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பெக்டருக்கு ஒரே முழுத் தீர்வு இல்லை, பல தணிப்புகளே உண்டு. மேக நிறுவனங்கள், யாரோடும் பங்கிட விரும்பாதவர்களுக்கு முழு இயந்திரத்தையும் தனியே ஒதுக்கித் தந்து அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன.